திங்கட்கிழமை காலை ஆபரேஷன்

சனிக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். வார்டு சிஸ்டர் ஒரு படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "திங்கக்கிழமை காலையில முதல் கேஸ் உங்க அப்பாதான். இதுல மூணு இடத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அச்சடித்த வரிகளுக்கு நடுவே விட்டிருந்த இடத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள். இடது நடுப்பாதத்தைத் திறந்து எலும்பைச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் முன்பாதத்தை நீக்குவது. அந்த 'தேவைப்பட்டால்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

கட்டிலில் அப்பா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். இடது பாதம் புறங்கால் முழுக்கச் சிவந்து, கணுக்கால் எலும்பு இருக்கும் இடமே தெரியாமல் வீங்கியிருந்தது. "என்ன பாப்பா, போட்டுக் குடுத்துடேன், அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றார். அவர் முகத்தில் வலியின் சாயலே இல்லை. அது ஒரு தடயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. "காலையில் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கை வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டாக்காரர்களுக்கு லஸ்கர் என்றால் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குபவர், கரை உடைகிறதா என்று ராத்திரியில் டார்ச்சோடு நடந்து பார்ப்பவர். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கரைகளில் நடந்த பாதங்கள் அவை. 2004இல் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரை போடுவார், ஆனால் ஊரில் கல்யாணம் என்றால் ஜாங்கிரியும் சாப்பிடுவார்.

2023 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாட்கள் ஆகும். ஓய்வு பெற்ற பிறகும் முதல் தண்ணீர் வரும் நாளில் அப்பா தலைப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. அந்த வருஷமும் போனார். மதகுப் படியில் இறங்கும்போது கால் பிசகியது. வலி இல்லாததால் அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அம்மா போனில் "உங்கப்பாவுக்குச் செருப்பு ஏறல, கால் கொதிக்குது" என்று சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அன்றைக்கு ரத்தத்தில் சர்க்கரை 312. எக்ஸ்ரேயில் நடுப்பாத எலும்புகள் நொறுங்கி இடம் மாறியிருந்தன. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈஎஸ்ஆர் என்ற ரத்த அளவு கொஞ்சம் கூடுதல். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "எலும்புக்குள்ள இன்ஃபெக்‌ஷன் போயிருக்கு, இத விட்டா மேலே ஏறும்" என்றார். சர்க்கரை நோயாளி, சிவந்து வீங்கிய கால், சிதைந்த எலும்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

ராத்திரி முழுக்க போன். இரண்டாவது கருத்து என்று தனியாகப் போய்க் கேட்கவே வேண்டாம், நம் குடும்பங்களில் அது தானாக வந்து குவியும். சித்தப்பா வேறு ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். மாமா ஒருவர் இலை வைத்துக் கட்டச் சொன்னார். அம்மா திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள். ஒருத்தர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: என்னோடு வங்கியில் வேலை பார்க்கும் அக்கா. அவருடைய மாமியாருக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்திருந்தார்கள். "இன்னொரு எலும்பு டாக்டர்கிட்ட போகாத. சர்க்கரை நோயாளி பாதத்தை மட்டுமே பாக்கிற டாக்டர் இருக்காரு, அவர்கிட்ட போ" என்றார்.

ஞாயிறு காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்பதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "வேணாம் பாப்பா, டாக்டர் கோவிச்சுக்குவாரு. அப்புறம் அவருதானே கத்தி வைக்கணும்" என்றார். இந்த ஒரு பயம் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். உயிரை அவர் கையில் கொடுக்கப்போகிறோம், அவரிடமே 'உங்கள் முடிவை இன்னொருத்தரிடம் காட்டிவிட்டு வருகிறேன்' என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். "சார், ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லல. பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம்னு போட்டிருக்கு, அதனால இன்னொரு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரணும்னு மனசு சொல்லுது. ரெண்டு நாள் தள்ளினா ஆபத்தா?" டாக்டர் கோபப்படவில்லை. சற்று யோசித்துவிட்டு, "காய்ச்சல் இல்ல, பிரஷர் நல்லா இருக்கு. ரெண்டு நாள் தாங்கும். காய்ச்சல் வந்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, கால் கருத்தாலோ எங்கேயும் அலையாம நேரா இங்க வந்துடுங்க" என்றார். எக்ஸ்ரே சிடியும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் தரச் சொல்லிவிட்டுப் போனார். முகத்தைக் காட்டியது பில் கவுன்ட்டர்தான். மருத்துவ ஆலோசனைக்கு எதிராகப் போகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள், சிடிக்கு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

ஆவணங்களைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், இரண்டாவது கருத்து கேட்கும் உரிமை என்று தனியாகவே ஒன்று உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் கவுன்ட்டரில் அவ்வளவு கெஞ்சியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை, அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய அந்தக் காலையில், அந்தப் பாத மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் நான் சிடியை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "முதல்ல காலைப் பாத்துடறேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு அப்புறம் சொல்லுங்க" என்றார். இது எனக்கு மிக முக்கியமான விஷயமாகப் படுகிறது. முதல் டாக்டரின் முடிவைக் கேட்டுவிட்டால், இரண்டாவது டாக்டரின் கண்ணும் அதையே தேடும். அவர் கேட்காவிட்டாலும் நாமாகவே, 'முதலில் நீங்கள் பாருங்கள் சார், பிறகு ரிப்போர்ட் தருகிறேன்' என்று சொல்லலாம்.

இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புறங்கையால் தடவிப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். வலது பாதம் சாதாரணமாக இருந்தது, இடது பாதம் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. பிறகு விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால், நகக்கண் என்று ஒவ்வொரு இடமாக விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "புண் எங்கம்மா?"

புண் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. சர்க்கரை நோயாளியின் பாத எலும்புக்குள் கிருமி போக வேண்டுமானால், அநேகமாக எப்போதும் ஒரு புண் வழியாகத்தான் போகும் என்று அவர் சொன்னபோதுதான், இத்தனை நாளில் அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை என்பது உறைத்தது.

அப்பாவைப் படுக்க வைத்து, காலை மூன்று தலையணை மேல் உயர்த்தி வைத்தார். பத்து நிமிடம் பார்ப்போம் என்றார். அந்த நேரத்தில் இன்னொன்று செய்தார். மெல்லிய நைலான் இழை ஒன்று, கைப்பிடியோடு. தோலில் வைத்து அழுத்தினால், சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை. "ஐயா, கண்ணை மூடிக்குங்க. காலில் தொடுறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க" என்றார். முதலில் கையில் வைத்துக் காட்டினார், அப்பா "ம்" என்றார். பிறகு பெருவிரல் நுனியில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. அப்பா பேசவில்லை. விரல்களுக்குக் கீழே மூன்று இடம், உள்ளங்கால் நடுவில், குதிகாலில். இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது. இரண்டு பாதங்களிலும் எல்லா இடங்களிலும் முடித்துவிட்டு டாக்டர் இழையைக் கீழே வைத்தார்.

அப்பா கண்ணை மூடியபடியே, "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடம் அந்தப் பாதங்களால் ஒன்றும் உணராமல்தான் எங்கள் அப்பா நடந்துகொண்டிருந்தார். "வலி இல்ல, வலி இல்ல" என்று அவர் சொன்னதை நாங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிடம் முடிந்ததும் காலைப் பார்த்தால் சிவப்பு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கிருமியால் வந்த சிவப்பு இப்படிக் காலைத் தூக்கினதும் குறையாது என்றார் டாக்டர். கணுக்காலுக்குப் பக்கத்தில் ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைத்தார், ரத்தம் ஓடும் சத்தம் 'ஷ்ஷு... ஷ்ஷு' என்று அறை முழுக்கக் கேட்டது. ரத்தம் குறையவில்லை, வேகமாகவே ஓடுகிறது. கிருமித் தொற்று இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற ரத்த அளவைப் பார்க்கச் சொன்னார், சாயங்காலம் ரிசல்ட் வந்தது, சாதாரண அளவு. அதன் பிறகுதான் பழைய எக்ஸ்ரேயைக் கணினியில் போட்டுப் பார்த்தார். "இது சார்கோ பாதம்மா" என்றார்.

ழான் மார்ட்டின் சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1868இல் விவரித்தது. அவர் பார்த்தது சிஃபிலிஸ் நோயால் நரம்பு செத்தவர்களின் மூட்டுகளை. சர்க்கரை நோயிலும் இது வரும் என்பது 1936இல்தான் பதிவானது. உணர்ச்சி இல்லாத காலில் சின்னதாக ஒரு சுளுக்கோ விரிசலோ விழுகிறது. வலி இருந்தால் நாம் காலை ஊன்ற மாட்டோம். வலி இல்லாததால் நடந்துகொண்டே இருக்கிறோம். அடிபட்ட இடத்துக்கு ரத்தம் பாய்கிறது, அழற்சி ஏறுகிறது, அந்தச் சூட்டில் எலும்பு கரைந்து மென்மையாகிறது. மென்மையான எலும்பின் மேல் இன்னும் நடக்கிறோம், அது நொறுங்குகிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைச் சேர்த்துக் கட்டிய வில் போன்ற அமைப்பு சரிந்து, கடைசியில் உள்ளங்கால் படகின் அடி போலப் புடைத்துவிடுகிறது. பார்ப்பதற்குக் கிருமி பிடித்த கால் மாதிரியே இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால்கூட இரண்டும் ஒன்று போலத் தெரிந்து குழப்பலாம். இந்தச் சூடு அடங்குகிற வரை, புண்ணோ கிருமியோ இல்லாத காலில் கத்தி வைப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். காலுக்கு வேண்டியது ஓய்வும் மாவுக்கட்டும்தான்.

நாங்கள் கேட்கப் போனது 'ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா' என்று. கேட்டிருக்க வேண்டியது, 'இது என்ன நோய்?' என்று. இரண்டு டாக்டர்களும் ஆபரேஷனைப் பற்றி வாதாடவே இல்லை. அவர்கள் பார்த்த நோய் வேறு வேறு. கால் விஷயத்தில் இன்னொரு டாக்டரிடம் போகிறவர்கள் யாரிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன்: என்ன நோய், அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள், இது வேறு ஏதாவதாக இருக்க முடியுமா, இந்த மூன்றையும் கேளுங்கள். செலவு, எத்தனை நாள் படுக்கை எல்லாம் அப்புறம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தபோது கண்ணில் பட்ட பெயர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், தசை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் அவர்களே தெரியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று காட்டியவர். உணர்ச்சியற்ற பாதத்தை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றும் முறையும், எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பும் தொழுநோயாளிகளுக்காக இந்தப் பக்கத்தில் வளர்ந்தவை. பிறகு அவர் 1966இல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கிருந்து அந்த மாவுக்கட்டு சர்க்கரை நோயாளிகளுக்கும் பரவியது. எங்கள் அப்பாவின் காலைக் காப்பாற்றப்போகிற வைத்தியம் வேலூரில் வேர் பிடித்தது என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். இரண்டாவது கருத்து என்றால் 'ஆபரேஷன் வேண்டாம்' என்று யாராவது சொல்லும் வரை அலைவது கிடையாது. எங்கள் சின்ன அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எலும்பு உடைந்தது. பிளேட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கத்திக்குப் பயந்து நாட்டுக்கட்டுப் போடும் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கணுக்கால் என்பது மரச்சட்டத்தில் இழைத்துப் பொருத்திய கூடு போன்றது. அதற்குள் இருக்கும் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விலகினாலே, மூட்டில் எலும்புகள் ஒன்றை ஒன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அத்தைக்கு விலகியது அதைவிட அதிகம். மூட்டுத் தேய்ந்து இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் கோயிலுக்குப் போகிறாள். அவளுக்கு முதல் டாக்டர் சொன்னதுதான் சரி.

அதே போல, விரல் கறுத்து நாற்றம் வருகிறது, சீழ் கொட்டுகிறது, காய்ச்சலும் நடுக்கமும் இருக்கிறது, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது என்றால் எங்கேயும் போகாதீர்கள். இருக்கிற இடத்தில் உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் மணிக்கணக்கு முக்கியம். எங்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது, கேட்டதால் கிடைத்தது. 'தள்ளினால் ஆபத்தா' என்ற அந்தக் கேள்வியை முதல் டாக்டரிடமே கேட்டுவிட்டுக் கிளம்பியதுதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

குதிகால் வலி போன்றவை வேறு கதை. எக்ஸ்ரேயில் முள் மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி அதை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், தாராளமாக நேரம் எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆடுதசையையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சியிலும் நல்ல செருப்பிலும் சில மாதங்களில் வலி குறைந்துவிடும். பெருவிரல் வளைவுக்கோ தட்டைப் பாதத்துக்கோ ஆபரேஷன் என்றால், நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்களா என்று பாருங்கள். படுக்கவைத்து எடுத்த படத்தில், உடம்பின் எடை இறங்கும்போது பாதம் எப்படிச் சரிகிறது என்பது தெரியாது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வந்தது லேசான வைத்தியம் இல்லை. மாவுக்கட்டுப் போடுகிற அண்ணன் விரல்களுக்கு இடையில் பஞ்சு வைத்து, முன்காலிலும் கணுக்கால் எலும்பிலும் மெத்தென்ற துணி ஒட்டி, ஈரக் கட்டை உள்ளங்கையால் தடவித் தடவிப் பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் படிய வைத்தார். பானை வனைகிற மாதிரி இருந்தது. வீக்கம் குறையக் குறைய உள்ளே இடைவெளி விழும், உரசினால் அப்பாவுக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். அதனால் முதல் மாதம் வாரம் ஒரு தடவை பிரித்துப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. மொத்தம் ஐந்து மாதம். கக்கூஸுக்குப் போகக்கூட வாக்கர். கரையில் நடந்தே வாழ்ந்த மனிதர் திண்ணையில் காலை ஸ்டூல் மேல் போட்டுக்கொண்டு, சைக்கிளில் போகிறவர்களிடம் "தலைப்புல எவ்வளவு தண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை கோபம் வந்து, "வெட்டியிருந்தா இந்நேரம் ஆறியிருக்கும்" என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் டாக்டர் இரண்டு பாதத்தின் சூட்டையும் சின்னத் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரில் அளந்து எழுதுவார். முதல் நாள் வித்தியாசம் 4 டிகிரிக்கு மேல். நவம்பரில் அது 1 டிகிரிக்கும் கீழே வந்தது. அடுத்த முறையும் அப்படியே இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒட்டியிருந்தன. டிசம்பரில் கட்டை எடுத்துவிட்டு, காலுக்கு அளவெடுத்துச் செய்த எம்சிஆர் செருப்புக்கு மாற்றினார்கள். பாதத்தின் வில் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, பழைய பாதம் திரும்பி வரவில்லை. ஆனால் ஐந்து விரலும் இருக்கின்றன.

முதல் டாக்டரிடமும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தார். "புண் இல்லைங்கறத நான் இன்னும் யோசிச்சிருக்கணும்" என்றார். அப்பா பதறிப்போய், "அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் தானும் கும்பிட்டுவிட்டு, குனிந்து அப்பாவின் செருப்பின் வாரைத் தளர்த்தி, அழுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார்.

2025இலும் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று அப்பாவைக் காரில் தலைப்புக்கு அழைத்துப் போனேன். படியில் இறங்கவில்லை, மேலேயே நின்று பார்த்தார். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றித் தட்டி, உள்ளே கல் ஏதும் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார். ராத்திரி படுக்கும்போது அம்மா வழக்கம்போல இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். முதலில் வலது, அப்புறம் இடது, மறுபடி வலது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று சொல்லி விளக்கை அணைத்தாள்.